பேராதனை வளாகத்தில் மூன்று மணி நேரம்: ஒரு நடைச் சுற்றைப் பற்றிய மதிப்பீடு

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை நடந்து பார்ப்பதற்கென்று கண்டியிலிருந்து ஒரு சிறு குழுவினர் நடத்திவரும் வழிகாட்டிச் சுற்றில், சென்ற மார்ச் மாத இறுதியில் நானும் என் தங்கையும் அவளுடைய பத்து வயது மகனும் கலந்துகொண்டோம். பெரியவர்களுக்குத் தலைக்கு 3500 ரூபா, சிறுவர்களுக்கு அதில் பாதி. காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும் என்றார்கள். எங்களுக்கு முடியும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கட்டணத்துக்குள் வழிகாட்டியின் சேவை, ஒரு தேநீர், எட்டுப் பக்கக் கையேடு ஆகிய மூன்றும் அடங்கும். குறைகளும் சொல்லவேண்டியிருப்பதால் குழுவினரின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. என் தந்தையார் 1957ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து யாழ்தேவியில் ஏறி, பொல்காவலையில் இறங்கிக் கண்டி வண்டிக்கு மாறி, ஒரு தகரப் பெட்டியுடன் இந்த வளாகத்துக்கு வந்து சேர்ந்தவர். அருணாசலம் விடுதியில் மூன்றாண்டுகள் இருந்தார். வீட்டில் அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான இடம் இது. எனவே எதுவும் அறியாத பயணியின் கண்ணால் நான் இந்தச் சுற்றைப் பார்க்கவில்லை என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். எனக்குக் குறையாகப் பட்டது மற்றொருவருக்குக் குறையாகவே தெரியாமற் போகலாம்.

கலகா சந்தியில் எங்களைச் சந்தித்த வழிகாட்டி வரலாறு படித்த ஓர் இளைஞர். அவரிடம் எனக்கு முதலிற் பிடித்தது, பேச்சைக் கட்டடங்களிலிருந்து தொடங்காமல் ஒரு சண்டையிலிருந்து தொடங்கியமை. பேராதனை என்றதும் ஜெனிங்ஸ் என்ற ஒரு பெயரைச் சொல்லி, ஒரு வெள்ளைக்காரர் வந்தார், மலையடிவாரத்தைப் பார்த்தார், பல்கலைக்கழகத்தைக் கட்டினார் என்று கதையை முடித்துவிடுவது வழமை. இவர் 1906ஆம் ஆண்டுக்குப் போனார். சேர் பொன்னம்பலம் அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, ஜேம்ஸ் பீரிஸ் முதலானோர் இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்த ஆண்டு அது. அன்றைய காலனிய அரசுக்கு அதில் அவசரம் எதுவும் இருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1921 ஜனவரியில், கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் ஒரு செல்வந்தரின் பழைய மாளிகையில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை கிடையாது; மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளை எழுதித்தான் பட்டம் பெற்றார்கள். அருணாசலம் 1924இல் யாத்திரை சென்ற இடத்தில், மதுரையில், காலமானார். அவர் கேட்ட பல்கலைக்கழகம் உருவாக மேலும் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தின்றது இடத்தகராறு. கொழும்பா கண்டியா என்ற இந்த வழக்கு, பத்திரிகைகளிலும் சட்டசபையிலும் பின்னர் அரசாங்க சபையிலுமாக ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. கொழும்பை விரும்பியவர்களின் வாதம் எளிதானது: பெரிய வைத்தியசாலை அங்கே, நீதிமன்றங்கள் அங்கே, பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே வந்து படிக்கலாம், செலவும் குறைவு. கண்டிப் பக்கம் நின்றவர்களில் முதன்மையானவர் பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன. நகரத்தின் இரைச்சலுக்கு வெளியே, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து படிக்கும் இடமாகப் பல்கலைக்கழகம் அமையவேண்டும் என்பது அந்தத் தரப்பின் வாதம். கண்டி என்று முடிவான பின்னரும் கண்டியில் எங்கே என்ற கேள்வி எழுந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கு என்றார்கள், அறுப்பொல என்றார்கள். இறுதியில் டொக்டர் அந்திரியஸ் நெல், ஜோர்ஜ் ஈ. டி சில்வா போன்றோர் வற்புறுத்திய புதிய பேராதனைத் தோட்டம் 1930களின் முடிவில் தெரிவானது. வழிகாட்டி இதைச் சந்தியின் ஓரத்தில், பஸ்களின் ஹோர்ன் ஒலிக்கு நடுவில், இருபது நிமிடம் நின்றபடி சொன்னார். குழுவில் வந்திருந்த வெளிநாட்டுத் தம்பதியர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்கோ அந்த இருபது நிமிடத்துக்கே 3500 ரூபா தகும் என்று தோன்றியது. நிழலான ஓர் இடத்தில் அதைச் சொல்லியிருக்கலாம் என்பது மட்டுமே என் குறை.

சந்தியிலிருந்து உள்ளே நடக்கத் தொடங்கியதும் இந்த இடம் ஏன் வென்றது என்பதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ஒரு புறம் ஹந்தானை மலைத்தொடர் எழுகிறது. மறுபுறம் மகாவலி கங்கை வளைந்து ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சரிவில் வீதி செல்கிறது. ஏறத்தாழ 700 ஹெக்டேர் பரப்பில் கட்டடங்கள் நிற்கும் பகுதி மிகச் சிறியது. மீதியெல்லாம் மரமும் புல்லும் மலையும். நாங்கள் போன வாரம் ரொபரோசியா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. முதல்நாள் மழையில் விழுந்த பூக்கள் தாரின்மீது ஒட்டிக்கிடந்தன. காலையிலேயே கூட்ட வந்திருந்த பெண்மணி ஒருவர் விளக்குமாற்றால் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாமல் காலால் தேய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். புகைப்படம் எடுப்பவர்கள் அந்த மாதத்தைத் தெரிவுசெய்வது நல்லது.

வளாகத்தின் அமைப்புத் திட்டத்தை வகுத்தவர்கள் பற்றிய பகுதி இந்தச் சுற்றின் இரண்டாவது பலம். இலண்டன் மாநகருக்கான பெருந்திட்டத்தைப் பின்னாளில் வரைந்த பேராசிரியர் பற்றிக் அபர்குரொம்பி 1940இல் இலங்கைக்கு வந்து இந்த நிலத்தைப் பார்த்தார். முன்னர் ஜெருசலேம் நகரமைப்பில் பணியாற்றிய கிளிஃபர்ட் ஹொலிடேயுடன் சேர்ந்து அவர் வகுத்த திட்டமே அடித்தளம். ஆனால் நாம் இன்று காணும் கட்டடங்களுக்கு முகம் கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ் என்ற இலங்கைக் கட்டடக் கலைஞர். அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய மூன்று காலத்துக் கட்டடக் கலையிலிருந்தும் கூறுகளை எடுத்து, கொங்கிறீற்றும் கல்லும் சேர்ந்த புதிய கட்டடங்களில் அவர் பொருத்தினார். இப்படிச் சொல்லும்போது ஒட்டுவேலையாகத் தோன்றும்; நேரில் பார்த்தால் அப்படித் தோன்றாது. இரண்டு சரிவாக மடிந்து இறங்கும் கண்டியக் கூரை மலையின் சரிவோடு ஒத்துப்போகிறது. எந்தக் கட்டடமும் மரங்களுக்கு மேலே தலையை நீட்டி நிற்பதில்லை. டி அல்விஸ் 1952இல், வேலை முடிவதற்குள், இறந்துபோனார். அவர் பெயரால் வழங்கும் சிறு குளத்தின் ஓரத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்தி அதைச் சொன்னபோது குரலைச் சற்றுத் தாழ்த்தினார். அது பயிற்சியால் வந்த நாடகமாக எனக்குப் படவில்லை.

மூதவைக் கட்டடத்தில் நாங்கள் அதிக நேரம் நின்றோம். கீழ்த்தளத்தில் சுவரின்றித் தூண்கள் வரிசையாக நிற்கும் திறந்த மண்டபம் இருக்கிறது. கண்டி அரசர்களின் அரசவை மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் உறவு உடனே விளங்கும். அதற்குள் நுழைந்ததும் வெயில் ஒரு திரைக்குப் பின்னால் போய்விட்டதுபோல் குளிர்கிறது. படிக்கட்டின் அடியிலுள்ள சந்திரவட்டக்கல்லின் செதுக்கல் பள்ளங்களில் மழைநீர் தேங்கி, ஓர் எறும்பு வரிசை அதன் விளிம்பைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டி அதைக் காட்டி, அநுராதபுரக் காலத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் இருந்தன என்றும், பொலன்னறுவைக் காலத்தில் எருது அந்த வரிசையிலிருந்து நீக்கப்பட்டது என்றும் விளக்கினார். சைவர்கள் வணங்கும் நந்தியைக் காலால் மிதிக்கலாகாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். என் மருமகன் உடனே குனிந்து எருதைத் தேடத் தொடங்கினான். அவன் தேடி முடிக்கும்வரை குழு முழுவதும் பொறுமையாக நின்றது. சிறுவர்களை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு இந்த ஒரு நிறுத்தம் போதிய நம்பிக்கையைத் தரும்.

அங்கேதான் திறப்புவிழாக் கதையும் சொல்லப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தது 1942 ஜூலை முதலாந் திகதி, கொழும்பில், 904 மாணவர்களோடு. அப்போது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பேராதனையில் கட்டட வேலை செய்யப் பொருளும் ஆளும் கிடைப்பது அரிதாக இருந்தது. பக்கத்திலுள்ள தாவரவியற் பூங்காவில் 1944 முதல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகமே இருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். எனவே கலைத்துறைகள் கொழும்பை விட்டுப் பேராதனைக்கு இடம்பெயர 1952 ஒக்டோபர் ஆகிவிட்டது. முறைப்படியான திறப்புவிழா அதற்கும் பின்னர், 1954 ஏப்ரல் 20இல், இரண்டாம் எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் எடின்பரோ கோமகனால் நடத்தப்பட்டது. ஒன்றரை ஆண்டாக மாணவர்கள் படித்து, உண்டு, உறங்கி, சத்தமிட்டுக்கொண்டிருந்த கட்டடங்களைப் புதிதாகத் திறந்துவைப்பது எப்படி? இவை வழமையைவிட அதிகமாகத் திறந்திருக்கின்றன என்று கோமகன் அறிவித்தார். அந்த வாசகம் அப்படியே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகமொன்றின் திறப்புக் கல்வெட்டில் பகிடி ஒன்று இடம்பெற்றிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். இப்படி நான்கு தேதிகளைத் தடுமாறாமல் வரிசைப்படுத்திச் சொன்ன வழிகாட்டியின் கையில் இருந்த கையேடு, பல்கலைக்கழகம் 1952இல் நிறுவப்பட்டது என்று அச்சிட்டிருந்தது.

அந்தக் கையேட்டைப் பற்றித் தனியாகவே சொல்லவேண்டும். பதிவுசெய்யும்போது தமிழிலும் சுற்று உண்டு என்றார்கள். போய்ச் சேர்ந்தபின், அன்று தமிழ் வழிகாட்டி வரவில்லை, ஆங்கிலத்தில்தான் சொல்லமுடியும், ஆனால் தமிழ்க் கையேடு தருகிறோம் என்றார்கள். அந்தத் தமிழை மனிதர் எவரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. முதற் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதில் “ஐயா ஐவர் ஜெனிங்ஸ்” ஆகியிருந்தார். பேராசிரியர் பதவி “நாற்காலி” ஆகியிருந்தது. இன்னின்ன துறைகளுக்கு நாற்காலிகள் ஏற்படுத்தப்பட்டன என்று படித்தால் தளபாடக் கடையின் விளம்பரம்போல் இருக்கிறது. தாயின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசித்துக்கொண்டுவந்த என் மருமகன், “மாமா, அந்த ஐவரும் யார் யார்?” என்று கேட்டான். பஞ்ச பாண்டவரை அறிந்த பிள்ளை வேறெப்படி விளங்கிக்கொள்வான்? நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்றில், காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் கையேட்டை, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் கொடுத்துத் திருத்துவது பெரிய செலவாகாது. அதே வளாகத்தில் தமிழ்த்துறை ஒன்று இயங்கிவருகிறது என்பதை நினைக்கும்போது இந்தக் கவலையீனம் இன்னும் உறுத்துகிறது.

ஜெனிங்ஸைப் பற்றிய பகுதியில் வழிகாட்டி நிதானமாகவே பேசினார். நாற்பது வயதுகூட ஆகாத அரசியலமைப்புச் சட்ட அறிஞர் ஒருவர் 1941இல் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக வந்து, அடுத்த ஆண்டே துணைவேந்தராகி, 1950களின் நடுப்பகுதிவரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இடையில் டி. எஸ். சேனாநாயக்கவுக்கு அரசியலமைப்பு ஆலோசனையும் வழங்கினார். பேராதனையைப் பற்றிய அவருடைய எண்ணம் தெளிவானது: மாணவர் அனைவரும் விடுதியில் வாழவேண்டும், வகுப்பறையில் கிடைக்கும் கல்வியில் பாதியை உணவு மண்டபமும் விளையாட்டு மைதானமும் தரும். கேம்பிரிட்ஜில் படித்தவரின் எண்ணம் அப்படித்தான் இருக்கும். அந்த எண்ணத்தின் நேரடி விளைவே, விரிவுரை மண்டபங்களைவிடக் கவர்ச்சியாகக் கட்டப்பட்டிருக்கும் விடுதிகள். அவற்றுக்கு இட்ட பெயர்களைச் சேர்த்து வாசித்தால் இடத்தகராற்றில் பங்குகொண்டவர்களின் பட்டியலே கிடைத்துவிடும்: அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ், விஜேவர்தன, நெல், பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் அதிபர் மார்ஸ். வழிகாட்டி இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் அத்தனை ஆண்டுகள் கேட்டு வளர்ந்த பெயர்கள் ஒரு வழக்கின் சாட்சிகள்போல வரிசையில் நிற்பது அன்றுதான் எனக்குப் புலப்பட்டது.

ஆனால் விடுதி வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அருணாசலம் விடுதிக்கு வெளியே நின்று கூரையையும் முற்றத்தையும் காட்டிவிட்டு நடந்துவிட்டார். உள்ளே போக அனுமதியில்லை, அது நியாயம். இன்றும் மாணவர் வாழும் இடம். வெளியே நின்றபடியே சொல்லக்கூடியவை எத்தனையோ இருந்தன. என் தந்தையார் முதன்முதலில் முள்ளும் கத்தியும் பிடித்தது அந்த விடுதியின் உணவு மண்டபத்தில்தான். சோற்றைக் கரண்டியால் உண்ணப் பழகும்வரை ஒரு வாரம் அரை வயிறாக எழுந்ததாகச் சொல்வார். வட்டுக்கோட்டையிலிருந்து வந்தவரும் மாத்தறையிலிருந்து வந்தவரும் ஒரே மேசையில் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டில் என் தந்தையார் சிங்களமும் அவருடைய மேசைத் தோழர் கொஞ்சம் தமிழும் பேசினார்கள். ஜெனிங்ஸ் எதிர்பார்த்த விடுதிக் கல்வி இதுதானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் வீட்டுக்கு வந்துசேர்ந்தது இதுதான். இப்படி அங்கே வாழ்ந்தவர்களின் ஓரிரு நினைவுகளைச் சேகரித்து வைத்திருந்தால் அந்த நிறுத்தம் உயிர்பெற்றிருக்கும்.

தேநீர் இடைவேளை ஒரு மாணவர் சிற்றுண்டிச்சாலையில். பிளேன்ரீ நன்றாக இருந்தது. கூடவே வந்த ரோல்ஸ் முதல்நாளையது. இதற்குமேல் எழுத அதில் எதுவுமில்லை.

பெரிய ஏமாற்றம் திறந்தவெளி அரங்கில். மலைச்சரிவில் குடைந்தெடுத்ததுபோல் அமைந்த, மாணவர்கள் “வள” என்று அழைக்கும் அந்த அரங்கு இன்று பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நவீன சிங்கள நாடகத்தின் எழுச்சியில் அவருக்கும் இந்த வளாகத்துக்கும் உள்ள பங்கை வழிகாட்டி பத்து நிமிடம் மனம் தோய்ந்து சொன்னார். அதில் ஒரு சொல்லும் மிகையில்லை. அதே காலத்தில், அதே வளாகத்தில், தமிழ்த்துறையைச் சேர்ந்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளை அண்ணாவிமாரிடமிருந்து கற்று, விடியவிடிய ஆடும் ஆட்டத்தை மேடைக்கேற்றவாறு சுருக்கி, பல்கலைக்கழக மாணவர்களையே ஆடவைத்தார் என்பதைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. 1962இல் கர்ணன் போர், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன் என்று அது தொடர்ந்தது. இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் தமிழ் அரங்கின் முக்கியமான பேராசிரியரானார். நான் இதை மெதுவாகக் குறிப்பிட்டபோது வழிகாட்டி உண்மையிலேயே வியந்து, கைப்பேசியில் பெயர்களைக் குறித்துக்கொண்டார். அவர் மறைக்கவில்லை, அவருக்கு எவரும் சொல்லவில்லை. பயிற்சி கொடுத்தவர்களின் குறை அது.

தமிழ்த்துறையின் தொடக்கம் என்ற பொருளே இந்தச் சுற்றில் இல்லை. தமிழ் வாசகர்கள் போய்வந்து ஏமாறாதிருக்க அதைச் சற்று எழுதிவிடுகிறேன். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலானந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவரே. இரு நாடுகளில் இரு பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளை ஒரே துறவி தொடக்கிவைத்திருக்கிறார். அவர் 1947இல் மறைந்தார். கொழும்பிலிருந்தபோதே முடிந்துவிட்ட வாழ்வு அது, பேராதனைக்கு அவர் வரவில்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் காலத்தில்தான் துறை மலையடிவாரத்துக்கு வந்தது. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதிய அந்த மொழியியலாளர் வளர்த்த மாணவர் வரிசையில் வித்தியானந்தனும், அடுத்த தலைமுறையில் கைலாசபதியும் சிவத்தம்பியும் வருகிறார்கள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானவர் கைலாசபதி. அது 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது முதற் துணைவேந்தரானவர் வித்தியானந்தன். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தின் விதை பேராதனையில் முளைத்தது என்று சொல்வதில் தவறில்லை. ஒரு வளாகத்தின் ஆரம்ப வரலாறு என்று விளம்பரப்படுத்தும் சுற்றில் இதற்கு ஐந்து நிமிடம் கிடைக்கவேண்டாமா?

இன்னொரு குறையும் உண்டு. கதையை 1954இல், மகாராணியின் வருகையோடு, மங்களமாக முடித்துவிடுகிறார்கள். அடுத்த பத்தாண்டுகளைச் சொல்லாமல் இந்த இடத்தை விளங்கிக்கொள்ள முடியாது. 1960இல் கலைப்பீடத்துக்குச் சிங்களத்திலும் தமிழிலும் கற்கும் மாணவர்கள் வந்தார்கள். ஆங்கிலம் பேசிய சிறு வகுப்பினரின் பிள்ளைகளுக்கென்று அளவெடுத்துக் கட்டிய வளாகத்துக்குள் கிராமத்துப் பாடசாலைகளின் பிள்ளைகள் நுழைந்தார்கள். கணக்கிட்டுக் கட்டிய அறைகள் போதாமற் போயின. எல்லோருக்கும் விடுதி என்ற ஜெனிங்ஸின் விதி தளர்ந்தது. 1961இல் விஞ்ஞான பீடம், 1962இல் மருத்துவ பீடம், 1964இல் ஆற்றுக்கு அக்கரையில் பொறியியற் பீடம் என்று வளாகம் விரிந்தது. பொறியியற் பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்டேன். அது சுற்றில் அடங்காது என்றார்கள். அக்பார் பாலத்தை நான் தனியாக நடந்து கடந்தேன். பாலத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தால்தான் முன்பு கண்ட கட்டடங்கள் அனைத்தும் ஆற்றை நோக்கி எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரிகிறது. கட்டணம் வாங்கும் சுற்றில் அந்தக் காட்சி இல்லாதது வியப்பாக இருக்கிறது.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். வார நாட்களைவிடச் சனிக்கிழமை அமைதியானது. பரீட்சைக் காலத்தில் மாணவர்களுக்கு இடைஞ்சலாகக் குழுவாகத் திரியாமலிருப்பதே முறை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை நிச்சயம். மலைப்பக்கம் ஏறினால் அட்டைக்கடிக்கும் ஆயத்தமாகப் போகவேண்டும். கண்டியிலிருந்து பஸ்ஸில் கலகா சந்திக்கு வருவது எளிது. புகையிரதத்தில் வருபவர்கள் சரசவி உயன என்ற சிறு நிலையத்தில் இறங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மூதவை, குளம், நூலகம் வரை மட்டும் வந்து திரும்பிவிடுவது நல்லது, அதற்குப் பின் ஏற்றம். சுற்று முடிந்தபின் நேரமிருந்தால், வளாகத்துக்குள்ளேயே மேட்டில் அமைந்திருக்கும் குறிஞ்சிக்குமரன் கோவிலுக்கும் ஏறிப் பாருங்கள். 1960களில் தமிழ் மாணவரும் ஆசிரியரும் முயன்று எழுப்பிய கோவில் அது. இதுவும் கையேட்டில் இல்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையும் இளைஞரான வழிகாட்டியின் உழைப்புக்கு. இடத்தகராறும் கட்டடக் கலையும் அறிய விரும்புபவர் தயங்காமல் போகலாம். தமிழில் கேட்கவேண்டும் என்பவர்கள் முற்பணம் கட்டுமுன் அதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வீடு திரும்பியபின் கையேட்டிலிருந்த பிழைகளை இரண்டு பக்கத்தில் பட்டியலிட்டு அவர்களுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: நன்றி தெரிவித்து, நிறுவப்பட்ட ஆண்டையும் “நாற்காலி”களையும் “ஐயா”வையும் அடுத்த அச்சில் திருத்துவதாக எழுதியிருந்தார்கள். ஐவரை ஒன்றும் செய்யமுடியாது. அது அவருடைய பெயர்.